அம்மா வச்ச வாழை

சிறுமலையில எங்க வீட்டுக் கொல்லையில நின்ன மலைவாழை, அம்மா வச்சது. இந்தத் தடவை குருத்து சரியா விரியவே இல்லைங்க. இலையெல்லாம் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றது. காம்பில் கரும்பச்சைக் கோடுகள். முடிக்கொத்து நோய். வைரஸ், குணப்படுத்த வழி கிடையாது. தாய்மரத்திலிருந்து கன்னுக்கு வரும். அசுவினி பக்கத்து மரத்துக்கும் கொண்டுபோகும்.

சும்மா வெட்டிச் சாய்த்தால் அசுவினி அடுத்த வாழைக்குத்தான் போகும். அதனால் முதலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு, மறுநாள் கடப்பாரை போட்டுக் கிழங்கோடு தோண்டினேன். அரை நாள் ஆச்சு. ஒரு பக்கக்கன்னு பார்க்க நல்லாத்தான் இருந்தது. அதையும் விடவில்லை.

போன மாசம் தங்கச்சி ரெண்டு கன்னு எடுத்துட்டுப் போனா, அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு. அதையும் பிடுங்கச் சொல்லணும். காலையிலிருந்து போனைக் கையில வச்சுட்டு உக்காந்திருக்கேன்.