தண்ணீர்மலைக்கு எங்கள் பாப்பாவோடு

உங்கள் வீட்டிலும் இரண்டரை வயதில் ஒரு குட்டித் தண்டல் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

எங்கள் கடைக்குட்டிக்குச் செருப்புகள் சோடி பிரிந்து கிடக்கக் கூடாது. வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலில் உதறிவிட்டுப் போவதையெல்லாம் உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று சேர்த்து வைப்பாள். பக்கத்து வீட்டு வாசலையும் விடுவதில்லை. ரப்பர் கொட்டை கண்டால் என் சட்டைப் பைக்குள் போய்விடும். வகுப்பில் பேனாவுக்குக் கைவிட்டால் கொட்டைதான் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பேச்சுதான் வரவில்லை. "அம்மா", "ப்பா", "தா". மூன்றே சொல். கிளினிக்கில் காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். ஆனாலும் லயத்து வாய்கள் சும்மா இருக்குமா? "வாத்தியார் பிள்ளைக்கே பேச்சு வரலையாமே!" ஊரார் பிள்ளைகளைப் பற்றி, "பொறுமையாக இருங்கள், ஒவ்வொன்றும் ஒரு விதம்" என்று பெற்றோருக்குச் சொல்லும் நான், என் வீட்டுச் சுவரில் படப்பலகையை மாட்டி, அவளைத் தினமும் அதன்முன் நிறுத்தினேன். அவள் பலகையைப் பார்க்கமாட்டாள். அதில் ஊரும் எறும்பைப் பார்ப்பாள். ஒருநாள் கை ஓங்கிவிட்டேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பள்ளி விடுமுறையில், சுங்கைப் பட்டாணியிலிருந்து பேருந்தில் பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறினோம். கீழே கார்கள், மேலே நாம் என்று காற்றாடப் போன பழைய பெர்ரிகள் 2020 கடைசியோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடுபவை புதிய படகுகள். கண்ணாடிச் சன்னல், குளிர்சாதனம். எனக்கென்னவோ அந்த உப்புக்காற்றுதான் பிடித்திருந்தது. மற்றப் பிள்ளைகள் இருக்கைகளில் ஏறிக் குதிக்க, இவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அசையவே இல்லை. எதையும் முதலில் தள்ளி நின்று பார்த்து முடித்த பிறகுதான் தொடுவாள்.

ஜார்ஜ்டவுனில் இன்னொரு பேருந்து பிடித்து, 1884ஆம் ஆண்டில் உண்டான தாவரப் பூங்காவில் இறங்கினோம். நுழையும் பக்கம் நாகலிங்க மரம் நிற்கிறது. போனால் அவசியம் பாருங்கள்; பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும். பாப்பா உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து என் பையில் போட்டாள். குரங்குகளுக்குக் குறைவில்லை. கையில் தின்பண்டம் வேண்டாம்.

பூங்காவுக்கு அருகிலேயே தண்ணீர்மலை முருகன் கோயில். 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய ஆலயம்; 513 படிகள். வெயிலுக்கு முன் ஏறுவது நல்லது. நாங்கள் தாமதமாகப் போய்ப் பட்டுவிட்டோம். பாதிக்கு மேல் பாப்பா என் தோளில். மேலே போனால் பினாங்கு நகரமும் கடலும் கண்ணுக்கு விருந்து. முருகனிடம் நான் என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இறங்கும்போது அவள் அம்மாவோடு என்று நான் நினைத்தேன். என்னோடு என்று அவள் நினைத்தாள். அடிவாரத்தில் வந்து நின்று, "ஏங்க, பாப்பா எங்கே?" என்றாள். எனக்குக் கால் ஓடவில்லை. எதிரே சாலையில் வண்டிகள். மீண்டும் படியேற ஓடினேன். என் பெரியவன்தான், "அப்பா, இங்கே!" என்று கத்தினான்.

செருப்பு விடும் இடத்தில், முகம் தெரியாத பக்தர்களின் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிசை முழுக்கச் சோடி சேர்த்து முடித்திருந்தது. ஒரு பாட்டி தன் செருப்பை மாட்டிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வர்றியா, தங்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவின் மடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று. அது என்னுடையது. மற்றதைக் குரங்கு தூக்கிப் போயிற்றோ, என்னவோ, தேடியும் கிடைக்கவில்லை.

அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டி, என் வெறுங்காலைப் பார்த்து, "இன்னொன்னு?" என்றாள்.

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒற்றைச் செருப்போடு பேருந்து ஏறினேன். பெர்ரியில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். பட்டர்வொர்த் வரும்வரை அவள் குனிந்து குனிந்து, "இன்னொன்னு? இன்னொன்னு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.