அந்த இருபது ஃபைல்களைத் தொடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். முகூர்த்தப் படங்களுக்கு நடுவே, வாயில் நுழையாத பெயர்களோடு இருபது ஃபைல்கள், ஒவ்வொன்றும் 3 ஜிபி. கார்டே 32 ஜிபிதானடா! அவை ஃபைல்களே இல்லை. காப்பி ஆகும்போது கார்டை உருவியதில், ஃபோல்டரின் பட்டியல் இருந்த இடத்தில் ஏதோ குப்பை விழுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதையும் பெயர், அளவு, தேதி என்று வாசித்துக் காட்டுகிறது.

"குப்பையை மட்டும் அழித்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

உன் கார்டு ஃபேட்32. இடமெல்லாம் க்ளஸ்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கும். ஒரு படம் எந்தத் துண்டில் தொடங்குகிறது என்பது ஃபோல்டர் பட்டியலில் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகள் எவை என்பது ஃபேட் அட்டவணையில். ஒரு ஃபைலை அழித்தால், அதன் தொடக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு அட்டவணையில் அந்தச் சங்கிலி முழுக்கப் பூஜ்யம் விழும். இந்தக் குப்பை வரிகளில் உள்ள தொடக்க எண் எதுவாகவும் இருக்கலாம், தாலி கட்டும் படத்தின் எண்ணாகக்கூட. தப்பான சர்வே எண் ஏறிய பட்டாவை நம்பி வீட்டை இடிக்கப் போனால் இடிவது பக்கத்து வீடு. அட்டவணைக்கு இரண்டு பிரதி உண்டே என்பாய். அழிக்கும்போது இரண்டிலும்தான் பூஜ்யம் விழும்.

ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டாலும் இப்போது சம்மதிக்காதே. செக்டிஸ்க்கை '/எஃப்' இல்லாமல் ஓட்டினால் பழுதை மட்டும் சொல்லும். அதைச் சேர்த்தால் கார்டில் எழுதத் தொடங்கிவிடும். அதற்கு அட்டவணை ஒழுங்காக வேண்டும், உன் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. லினக்ஸ் இந்த விஷயத்தில் பரவாயில்லை: பழுதைக் கண்டதும் கார்டைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதையும் வலுக்கட்டாயமாகத் திறந்து அழிக்கிற புத்திசாலிகள் உண்டு.

கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுப் பத்திரமாக வை. கேமராவிலும் போடாதே. ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்துவிடு. டிடிரெஸ்க்யூ வைத்து முழுக் கார்டையும் ஒரே இமேஜாக எடுக்கிறேன். படிக்க முரண்டு பிடிக்கும் இடங்களைத் தள்ளிவைத்து, நல்லதை அது முதலில் எடுத்துவிடும். பழுது பார்ப்பதெல்லாம் அந்த இமேஜின் நகலில்தான். பட்டியல் கெட்டுப்போன படங்களை ஃபோட்டோரெக் தேடித் தரும். ஜேபெக் தொடங்கும் அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பதால் பழைய பெயர் இருக்காது. எது நலங்கு, எது ஊஞ்சல் என்று நீதான் பிரிக்கவேண்டும்.

படங்கள் இரண்டு டிஸ்க்கில் ஏறி, நீயே திறந்து பார்த்த பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய். அந்த இருபதும் அதோடு போய்விடும், தனித்தனியே அழிக்க வேண்டியதில்லை. மறுபடியும் தகராறு செய்தால் கார்டைத் தூக்கிப் போட்டுவிடு, விலையைப் பார்க்காதே.

பெண் வீட்டாரிடம் ஆல்பத்துக்கு இன்னும் பத்து நாள் கேட்டு வை.

அன்புடன்,
அக்கா