பூசினாற்போல் இருந்தான்

திருமானூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

அக்கா மகனுக்கு 6 வயது. காலையில் எழும்போது இரண்டு இமையும் நீர் கோத்து வீங்கியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வடிந்துவிடும். "தம்பி, என்னடா இது?" என்றாள் அக்கா. அரியலூர் சாலையில் லாரிகள் கிளப்புகிற புழுதிதான், அலர்ஜி என்றேன். செட்டிரிசின் சிரப் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கொடுத்தேன், மூன்று வாரத்தில் இரண்டு பாட்டில். நாள்பட அதைப் போட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், புரை விழும் என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

அலர்ஜி என்றால் கண் அரிக்கும், சிவக்கும். அவன் ஒரு தடவைகூடக் கண்ணைக் கசக்கவில்லை. "பிள்ளை இப்பத்தான் பூசினாப்ல இருக்கான்" என்று அம்மா பூரித்தபோது நானும் தலையாட்டினேன். சாக்ஸைக் கழற்றினால் அதன் வரிகள் கணுக்காலில் வெகுநேரம் பள்ளமாக நின்றன. சதைக்கு அப்படி நிற்காது.

ஒருநாள் அக்கா கடைக்கே வந்து, "ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணியாட்டம் நுரைக்குதுடா" என்றாள். கூட்ட நேரம். "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு" என்று சிரித்து அனுப்பினேன்.

வயிறும் உப்பிய பிறகுதான் கொள்ளிடப் பாலம் தாண்டித் தஞ்சாவூருக்கு ஓடினோம். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்தார்கள். மஞ்சளாக இருந்தது கரும்பச்சை ஆயிற்று. நெஃப்ரோடிக் சின்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே புரதம் ஒழுகிவிட, இரத்தத்தில் நிற்கவேண்டிய நீர் சதைக்குள் கசிகிறது. இமைத்தோல் மெல்லியது, தளர்ந்தது. படுத்திருக்கும் இரவில் அங்கே தங்கி, நடமாடும் பகலில் காலுக்கு இறங்குகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரெட்னிசலோன் மாத்திரையிலேயே அடங்கும். முதலில் 6 வாரம் தினமும், பிறகு 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள்.

"சிறுநீர் நுரைச்சுதா? யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இப்போது அவனுக்கு வீக்கம் இல்லை. திரும்பவும் வரக்கூடியது என்பதால் காலையில் பட்டை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறாள். என் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். பட்டையும் மாத்திரையும் மட்டும் திருவையாறு போய் வாங்குகிறாள்.