நோன்பும் மருந்தும்

2025-ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் நமது தவக்காலமும் இஸ்லாமிய அன்பர்களின் ரமலான் நோன்பும் சில நாள் இடைவெளியில் தொடங்கின. மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவில் நோயாளரைச் சந்தித்து ஆறுதல் கூறிவந்த எங்களுக்கு அந்நாட்கள் மறக்கவியலாத பாடமாயின.

எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்க்குப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உண்டு நலமாக வாழ்ந்த இஸ்லாமியத் தாய் ஒருவர், "இந்த வருஷம் நோன்பு வைக்கலாமாம்மா?" என்று எங்களிடம் கேட்டார். "மருந்தைவிட நோன்பா பெரிது? வேண்டாம்" என்று கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறவில்லை.

இரண்டு வாரங்களில், கைகள் நடுங்க, வாந்தியும் தள்ளாட்டமுமாக அவரைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 13 மணி நேரம் நீரருந்தாமல் இருந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் அளவுக்கு உயரலாம் என்றார் மருத்துவர். சஹர் உணவுக்காகத் தூக்கம் கலைவதும் இந்நோயைத் தூண்டக்கூடுமாம்.

தேறியபின், "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்றோம்.

"நான் ஏன் ஆசப்படுறேன்னு நீங்க கேக்கலியேம்மா. வீட்ல எல்லாரும் நோன்பு. நான் மட்டும் பகல்ல சோறு தின்னா, அல்லா என்னைய ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கு."

மருத்துவரின் அழைப்பை ஏற்று அவரது பள்ளிவாசல் இமாம் வந்தார். நோயாளருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டெனக் குர்ஆனின் 2-ஆம் அதிகாரமே கூறுவதை எடுத்துரைத்தார். குணமடைவோர் பின்னர் நோற்கலாம். தீரா நோயுற்றோர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். "இந்தச் சலுகையும் அல்லா தந்ததுதாம்மா" என்றார். அந்தத் தாய் முகம் மலர்ந்து அழுதார்.

நாங்கள் கூறியதும் 'நோன்பு வேண்டாம்' என்பதே. ஆனால் எங்கள் சொல் அவரை வெளியே நிறுத்தியது. அவர் சொல் உள்ளே அழைத்துக்கொண்டது. நோயைக் கண்ட நாங்கள் நோயாளியின் நெஞ்சைக் காணவில்லை.

ரமலானின் கடைசி வெள்ளியன்று அவர் ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். தினமும் ஓர் ஏழை மூதாட்டிக்கு உணவளித்து வருவதாக மகிழ்வோடு சொன்னார். தவக்கால வெள்ளி, நமக்குச் சுத்தபோசன நாள். கஞ்சியில் கறி இருக்குமோவென நாங்கள் தயங்கியதை அவர் கண்டுகொண்டார்.

"இன்னிக்கு நீங்க கறி திங்கமாட்டீங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன். கறி போடாமத்தான் காய்ச்சினேன்."

அவர் கேட்டிருந்தார். நாங்கள்தாம் கேட்கவில்லை.