கை வைக்காமல் விட்ட மலை

ஜூலை 12, வெள்ளி. டூட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கு

காலை ஏழு மணிக்கே போர்ட்லண்டிலிருந்து தம்பியின் காரில் கிளம்பிவிட்டோம். புவியியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நேரில் பார்க்க ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32. இரண்டு மாதமாக உள்ளே ஏறிவந்த பாறைக்குழம்பால் மலையின் வடக்குச் சரிவு புடைத்திருந்தது. 5.1 அளவு நிலநடுக்கம் ஒன்று வந்ததும் அந்தச் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து இறங்கியது. பதிவான நிலச்சரிவுகளிலேயே பெரியது அதுதான். மேலிருந்த பாரம் நீங்கியவுடன், அடைபட்டுக் கிடந்த வாயுவும் கல்லும் சாம்பலும் பக்கவாட்டில், வடக்குப் பார்த்து வெடித்தன. சுமார் 600 சதுர கிலோமீட்டர் நிலம் பாழானது. மலையின் உயரத்தில் 400 மீட்டர் போயிற்று. 57 பேர் இறந்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் நின்று மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற எரிமலை ஆய்வாளரும் அவர்களில் ஒருவர். வயது 30. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அவர் பெயரில் உள்ள ஆய்வு மையத்துக்கு இன்று போக முடியவில்லை. 2023 மே மாதம் மலைச்சரிவில் மண் இறங்கி, அங்கே போகும் சாலையின் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த நிலம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. கீழே டூட்டில் ஆறு சாம்பல் நிறத்தில், பல கிளையாகப் பிரிந்து, மணலைச் சுமந்துகொண்டே ஓடுகிறது.

வழியெல்லாம் நெடுநெடுவென்று காடு. மரக் கம்பெனி தன் நிலத்தில் ஆள் வைத்து நட்டது. ஒரு கோடியே எண்பது லட்சம் கன்றுகள் என்கிறார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வயது. "இதுதான்க்கா முழுசா தேறிட்ட காடு," என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் காரை நிறுத்தி உள்ளே நாலடி நடந்தால் இருட்டு. தரையில் உதிர்ந்த ஊசியிலைகளைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை.

ஜூலை 13, சனி. மெட்டா ஏரி, ஸ்பிரிட் ஏரி

இன்று மலையின் கிழக்குப் பக்கம். இந்தப் பக்கம் 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய தேசிய எரிமலை நினைவுப் பகுதிக்குள் வருகிறது. நட வேண்டாம், விழுந்த மரத்தை எடுக்க வேண்டாம், என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்று விட்டுவிட்ட நிலம்.

மெட்டா ஏரிக்குப் பக்கத்தில் துருப்பிடித்து நசுங்கிய கார் ஒன்று கிடக்கிறது. அதில் வந்த குடும்பம் திரும்பிப் போகவில்லை. அதன்முன் நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஏரி. வெடித்த அன்று அது உறைந்து, மேலே கனமான பனி மூடிக் கிடந்தது. மே மாதமாக இருந்ததால் பிழைத்தது. பனிக்கு அடியில் மீனும் தவளையும் சின்னச் சின்ன மரங்களும் இருந்தன. பெரிய மரங்கள் சாய, குழந்தை மரங்கள் நின்றன. அவைதான் இன்று கரையில் ஓங்கி நிற்கின்றன. வெளியிலிருந்து யாரும் உயிரைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கவில்லை; அடியில் மிச்சம் இருந்தது. வளைகளில் பதுங்கியிருந்த கோஃபர் என்னும் எலியினப் பிராணிகளும் பிழைத்து, பழைய மண்ணைத் தோண்டிச் சாம்பலுக்கு மேல் தள்ளின. விதைகளுக்கு அந்த மண் போதுமாக இருந்தது.

மாலையில் ஸ்பிரிட் ஏரிக்கு இறங்கினோம். நிலச்சரிவு ஏரிக்குள் பாய்ந்தபோது தண்ணீர் எதிர்மலையில் சுமார் 260 மீட்டர் உயரம் ஏறி, காட்டையே வாரிக்கொண்டு திரும்பியது. அந்த மரங்கள் இன்றும் பட்டையில்லாமல், வெள்ளி நிறத்தில், காற்றடிக்கும் பக்கமெல்லாம் மிதந்து போகின்றன. கரையில் விடுதி நடத்திய ஹாரி ட்ரூமன், 83 வயதில் இடத்தை விட்டு நகர மறுத்தவர், எங்கோ ஆழத்தில் இருக்கிறார்.

இங்கே மட்டும் கை வைத்திருக்கிறார்கள். சரிவு ஏரியின் வாயை அடைத்துவிட்டது. அடைப்பு உடைந்தால் கீழே ஊர்கள் இருக்கின்றன. அதனால் மலையைக் குடைந்து 2.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, 1985 முதல் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். மனிதர் உயிருக்கு ஆபத்து என்றால் தொடுவது, மற்ற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஜூலை 14, ஞாயிறு. நுரைக்கல் சமவெளி

எரிமலை வாய்க்கு நேர் எதிரே, முழுக்கப் புதைந்துபோன நிலம். இங்கே மண்ணுக்கடியிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. வெடித்து ஓரிரு கோடைகளுக்குள் இங்கே முதலில் காலூன்றியது லூபின் என்ற சிறுசெடி.

பாதையோரம் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சாண்கூட இல்லை. விரல் விரித்ததுபோல் இலை, அதில் வெள்ளி மயிர், மேலே கத்தரிப்பூ நிறத்தில் கொத்து. பார்த்ததும் அப்பாவின் வயல் நினைவு வந்தது. நடவுக்கு முன்பு கொளுஞ்சியை மடக்கி உழுவார். அதுவும் இதே அவரைக் குடும்பம், பூவும் கிட்டத்தட்ட இதே நிறம். லூபினின் வேர் முடிச்சுகளும் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து நிலத்துக்குத் தருகின்றன. செடி மடியும்போது அதன் காலடியில் கொஞ்சம் மண் உண்டாகிறது. அதில் அடுத்தது முளைக்கிறது. ஓடைக்கரையில் இப்போது வில்லோ புதர்களும் ஆல்டர் மரங்களும் நிற்கின்றன. எங்கோ ஒரு குருவி விடாமல் கூவியது. மற்ற இடமெல்லாம் வெறும் கல்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இவ்வளவுதான். இந்த வேகத்தை யாரும் குறை சொல்லவில்லை.

தம்பி உள்ளங்கை அளவு நுரைக்கல் ஒன்றை எடுத்து நீட்டினான். "காத்து மாதிரி இருக்குக்கா. ஸ்கூலுக்குக் கொண்டு போய்க் குடு."

வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை. ஓட்டை ஓட்டையாக, அன்றைக்கு வாயு பொங்கிய தடம். என் பழைய வகுப்பறையின் மேசைமேல் அதை நினைத்துப் பார்க்கையில் ஆசையாகத்தான் இருந்தது. அது கிடந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். சாம்பலில் அதே வடிவில் ஒரு பள்ளம், அந்த நிழலில் கொஞ்சம் ஈரம், ஈரத்தில் கடுகளவு பச்சை.

பள்ளத்துக்குப் பொருந்துமாறு திருப்பி, பச்சைமேல் அழுந்தாமல், கல்லை வைத்துவிட்டு எழுந்தேன்.