சில்லு யாருடையது?

வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. சுடுமண் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் காதணிகளும் வெளிப்பட்டன. சில்லு என்றதும் பெண்பிள்ளைகளின் ஆட்டம், காதணி என்றதும் பெண்ணின் அணி எனப் பதின்பருவத்தார் முடிவுகட்டிவிடுகின்றனர். கடுக்கன் அணிந்த பாட்டனார்களை இதே கரிசல் மண் அண்மைக்காலம் வரை கண்டதுண்டு!

இம்முடிவை எந்த ஆசிரியரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. பட்டாசு ஆலைகளில் காகிதக் குழாய் உருட்டுவதும் சரம் பின்னுவதும் பெரும்பாலும் பெண்களுக்கு, மருந்துக்கலவை ஆண்களுக்கு. இப்பகுப்பைப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்கின்றனர். மாலையில் ஆலையிலிருந்து இருவரும் திரும்புகின்றனர். தந்தை திண்ணையில் அமர்கிறார். தாய் அடுப்பை மூட்டுகிறார். பதினொன்றாம் வகுப்பு மகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர்க்குடத்தை எடுக்கிறாள். அண்ணன் எழுவதில்லை, எழுமாறு அவனிடம் எவரும் சொல்வதுமில்லை.