பழி சுமந்த பெயர்

பறவையின் நிறத்தையோ குரலையோ செயலையோ கண்டு பெயரிடுதல் உலக வழக்கு. மரத்தைக் கொத்துவதை மரங்கொத்தி என்றும், மீனைக் கொத்துவதை மீன்கொத்தி என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஸ்பானிய மொழியிலோ, காணாததைக் கண்டதாகச் சாற்றிப் பெயரிடப்பெற்ற பறவையொன்று உண்டு. அதன் பெயர் 'சோத்தகாப்ராஸ்' என்பது. 'சோத்தார்' என்னும் வினை பாலுறிஞ்சுதலைக் குறிக்கும். 'காப்ராஸ்' என்பன வெள்ளாடுகள். நாம் வினையைப் பின்வைக்க, அவர்கள் முன்வைத்தனர். மற்றபடி அதுவும் மரங்கொத்தி போன்றதொரு தொகையே.

இரவில் ஆட்டின் மடியிற் பாலைத் திருடும் பறவையாம்! இப்பழி அரிஸ்டாட்டிலின் நூலிலேயே காணப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியராகிய பிளினி, அதனால் மடி வற்றும், ஆடு குருடாகும் என்றும் எழுதிவைத்தார். 1758இல் லின்னேயஸ், 'ஆடு கறப்பது' எனப் பொருள்படும் 'காப்ரிமுல்குஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே அப்பறவையினத்துக்குச் சூட்டினார். மூடக்கதை விஞ்ஞானத்தின் ஏட்டிலும் ஏறிற்று, இன்றும் இறங்கவில்லை.

அந்தியில் அது மந்தையைச் சுற்றுவது மெய்யே. எதற்காக? ஆடுமாடுகளை மொய்க்கும் பூச்சிகளைப் பிடித்துண்பதற்காக. தென்னமெரிக்கக் காடுகளில் அலைந்த சார்ல்ஸ் வாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இதனை நேரிற் கண்டு, 1825இல் வெளியிட்ட தம் நூலில் அப்பறவைக்காக வழக்காடினார். ஏவலின்றிக் காவல் செய்தவனுக்குக் கள்வன் என்று பட்டங் கட்டிய கதை இது.

அவ்வினத்துப் பறவை நமது மெர்சிங் வட்டாரத்திலும் உண்டு. தமிழிற் பக்கி என்பர். இரவிற் பாதையில் அமர்ந்திருக்கையில் மோட்டார் வெளிச்சம் பட்டு அதன் கண்கள் தணல்போல் ஒளிரும். பலகையிற் சுத்தியல் விழுவதையொத்த அதன் குரலைக் கேட்ட மலாய் மக்கள் 'புரோங் தூக்காங்' என்றனர். தூக்காங் என்றால் கைத்தொழிலாளி. ஐரோப்பாவிற் கள்வனானது இங்கே உழைப்பாளியாயிற்று! ஆனால் 'கூபோர்', அதாவது புதைகுழி, என்னும் சொல்லையும் பின்னொட்டி அதனைக் குழிவெட்டியாக்கிவிட்டனர். மலாய்க்காரரை மட்டும் நகைப்பதற்கில்லை. இராப்பறவையின் குரலைக் கேட்டுச் சாவுக்கு நாள் குறிப்போர் நம்மிடையே குறைவா?

பிறர் இட்ட பெயரின் சுமை நாம் அறியாததன்று. உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயராகிய கூலி, உழைத்த மனிதனுக்கே பெயராகித் தோட்டங்களில் வழங்கியதை நம் முதியோர் நன்கறிவர்.

பக்கியோ கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிற் சருகுகளின்மேல் முட்டையிட்டுப் பகலெல்லாம் சருகோடு சருகாய்க் கிடக்கும். பால்மரம் வெட்டுவோர் காலடி வெகு அருகில் வந்தபின்னரே ஓசையின்றி எழுந்து, சிறிது தொலைவு பறந்து, மீண்டும் தரையில் அமரும்.